நாலாம் வகுப்பின் சாயங்காலப் பாட்டு

எனக்குப் பாட வராது. காலை இறைவணக்கத்தில்கூட வாயை மட்டும்தான் அசைப்பேன். அப்படிப்பட்ட என் தலையில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தொடக்கப் பள்ளியின் நாலாம் வகுப்புக்கு இசை சொல்லிக் கொடுக்கும் வேலை வந்து விழுந்தது. வானூரில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் காரணம்.

"நீங்க போய்ட்டு வந்துடுங்க டீச்சர். வீட்ல சின்னப் பசங்க யாரும் இல்ல பாருங்க, உங்களுக்கு ஈஸி" என்றார் தலைமையாசிரியர்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் பிரம்மதேசம் வரைக்கும் அந்த வார்த்தை என்னோடு உட்கார்ந்து வந்தது. அந்த ஜூன் மாதம்தான் என் மகளைச் சேலம் தாண்டி ஒரு ஹாஸ்டல் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருந்தோம். பதினோராம் வகுப்பு. டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பள்ளியைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். "ரெண்டே வருஷம்மா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பெட்டியை அவளே அடுக்கினாள். என் கணவருக்கு மின்வாரியத்தில் ஷிப்ட் வேலை. பல நாள் நான் பூட்டைத் திறந்து உள்ளே போனால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் வரவேற்கும்.

வானூரில் பயிற்சி கொடுத்த அம்மா, கையில் ஒரு வாத்தியமும் இல்லாமல் வந்தார். "ராகம் தாளம் எல்லாம் நீங்க சொல்லித் தர வேணாங்க. பிள்ளைங்ககிட்ட ஏற்கெனவே இருக்குற சத்தத்தை எடுத்து அடுக்கச் சொல்லுங்க. எது முதல்ல, எது அப்புறம், எங்க சும்மா இருக்கணும். இதை அவங்களே முடிவு பண்ணிட்டாங்கன்னா அது பாட்டு" என்றார். பின்வரிசையில் இருந்த சில ஆசிரியர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு அது பிடித்துப் போனது. பாடத் தெரியாதவளுக்கும் அதில் ஒரு இடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளிடம் சொன்னேன்: "வீட்டுக்குப் போய் சாயங்காலம் காதை நல்லா திறந்து வெச்சுக்குங்க. உங்க வீட்ல மட்டும் கேக்குற ஒரு சத்தத்தைப் பிடிச்சுட்டு வாங்க. வாயாலயோ கையாலயோ செஞ்சு காட்டணும். ஒரே ஒரு ரூல். நிஜமா உங்க வீட்ல கேட்டதா இருக்கணும். கதை விடக் கூடாது."

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைவதற்குள்ளேயே ஆளாளுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவன் அப்பாவின் பழைய மொபெட்டைக் கொண்டு வந்திருந்தான். காலை உதைத்து உதைத்து, "டுர்ர்... டுர்ர்... டுர்ர்ர்ர்" என்று கிளம்பப் போவது மாதிரி போய்ச் செத்துப் போகும். "அப்புறம் எங்கப்பா திட்டும். அதையும் செய்யட்டுமா டீச்சர்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டுப் பையன், சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் ஃபாதர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இருமும் இருமலைக் கொண்டு வந்தான். அது ஊருக்கே கேட்குமே, எப்படி உன் வீட்டுச் சத்தம் என்று மற்றவர்கள் சண்டைக்குப் போனார்கள். "எங்க வீட்டு சுவத்துலதாண்டா ஸ்பீக்கர் கட்டியிருக்குது" என்றதும் அடங்கினார்கள். உப்பளத்திலிருந்து வந்த அம்மா வாசல் தொட்டியில் காலைக் கழுவும் சத்தம். கஞ்சிச் சட்டியை ஈயக் கரண்டி சுரண்டும் சத்தம். உப்பை இழுத்து இழுத்துப் பழகிய அப்பா தூக்கத்திலும் "ஹேய்" என்று மூச்சு விடும் சத்தம்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்திருக்கவே இல்லை. அவளுடைய இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் மேலே ஏறியிருக்கும். அவளுடைய அத்தை விடியும் முன்னே உப்பளத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பின்னி விடுவதால் அப்படி. அப்பா லாரிகளில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய் இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

"நீ எதுவும் பிடிக்கலியாம்மா?"

எழுந்து நின்றாள். உதட்டைக் குவித்துக்கொண்டு, யாருக்கோ ரகசியம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தாள். "டூ டு டூ... டூ டு டூ..." கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் அதே. செல்போனில் வீடியோ கால் போகும்போது, எதிர்ப் பக்கத்தில் எடுக்கும் வரைக்கும் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்குமே, அது. அச்சு அசலாக அப்படியே செய்தாள். வகுப்பே கப்சிப்பென்று கேட்டது. பிறகு அவளே நிறுத்திக்கொண்டாள்.

"எடுக்கலியா?" என்று மொபெட்காரன் கேட்டான்.

"எடுக்கல. டூட்டில இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த சில வாரங்கள் அந்தப் பிள்ளைகள் சத்தங்களை அடுக்கினார்கள். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தேன். கால் கழுவுவதுதான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் அம்மா வந்தால்தான் சாயங்காலம் என்று ஒரு கூட்டம். இல்லை, வெளிச்சம் இருக்கும்போதே மொபெட் வந்துவிடும் என்று இன்னொரு கூட்டம். சத்தம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு கட்டத்தில் எல்லாமே சேர்ந்து கேட்கும். அதற்கு நடுவில் ஃபாதர் இருமுவார். அங்கே எல்லாரும் நிறுத்த வேண்டும். அந்த அமைதியில் அந்த ரிங் மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். இதை முடிவு பண்ணியது யார் என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாரும் ஒரே மனதாகத் தலையாட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தகராறு அதற்கப்புறம்தான் வந்தது. ரிங் போனால் யாராவது எடுக்க வேண்டாமா?

"நான் எடுக்குறேன் டீச்சர். ஹலோன்னு சொல்றேன். அப்புறம் எல்லாரும் சேந்து சிரிச்சிட்டு முடிச்சிடலாம்" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"எடுக்கக் கூடாது" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி.

"ஏன்டி? பாட்டு எப்படி முடியும் அப்ப?"

"எடுத்தா எங்கம்மா அழுவும். எடுக்க வேணாம்."

மொபெட்காரன்தான் யோசித்து ஒரு வழி சொன்னான். ரிங் போய்க்கொண்டே இருக்கட்டும். அது போகும்போதே மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக மெதுவாக மறுபடியும் கிளம்பட்டும். ரிங் எப்போது நின்றது என்றே தெரியாமல் உள்ளே போய்விடட்டும். செய்து பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பாத்திகளில் தண்ணீர் காய்ந்து வெள்ளை கட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்கும் ஒரு போன் வரும். ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் வார்டன் அறையிலிருந்து. அன்று காலையிலிருந்தே நான் செல்லைக் கையிலேயே வைத்திருப்பேன். குளிக்கப் போனால் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அவள் குரல் வந்ததும், வாரம் முழுக்கச் சேர்த்து வைத்தது எல்லாம் மறந்துவிடும்.

"சாப்டியா?"

"ம்."

"உடம்பு நல்லா இருக்குதா?"

"ம். நல்லா இருக்குதும்மா. டெஸ்ட் இருக்குது. வெச்சிடட்டா?"

வைத்துவிடுவாள். மற்றப் பிள்ளைகளும் இப்படித்தான், படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று கணவர் சொல்வார். அவரும் போனை வாங்கிக் காதில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

ஆண்டு விழா நெருங்கியதும் தலைமையாசிரியர் எங்கள் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் செய்து காட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மோவாயில் கையை வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல பாட்டு எங்கங்க டீச்சர்?"

"இதுதான் சார் பாட்டு."

"வார்த்தையே இல்லியே?"

பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் எழுந்து வாசல் வரைக்கும் போனார். "சரி, டான்ஸுக்கு முன்னாடி வெச்சிக்கலாம். சீக்கிரம் முடிச்சிடணும்" என்றவர், திரும்பிப் பார்த்து, "அந்த மைக் தட்டுறவன் யாருடா? ஃபாதரை சீஃப் கெஸ்டா கூப்பிட்டிருக்கோம். பாத்து இருமு" என்றார்.

விழா அன்று பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். உப்பளத்தில் வேலை முடிந்து குளித்து, பூ வைத்துக்கொண்டு அம்மாக்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஓரமாக நின்றார்கள். நாலாம் வகுப்பு மேடை ஏறி, ஒன்றும் சொல்லாமல் கால் கழுவ ஆரம்பித்ததும் கூட்டத்துக்குப் புரியவில்லை. "என்னாது இது?" என்று யாரோ கேட்டார்கள். மொபெட் கிளம்பாமல் நின்றதும் ஒரு பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. "ஏம்பா, உன் வண்டிதான் அது!" என்று ஒருவர் தோளில் இன்னொருவர் அடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஃபாதர் தன்னுடைய இருமலைக் கேட்டுக் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

பிறகு பிள்ளைகள் நிறுத்தினார்கள். அவள் மைக்குக்கு முன்னால் ஓரடி வைத்து, "டூ டு டூ" என்றாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் நாலைந்து பேருடைய கை சட்டென்று இடுப்புக்குப் போனது. ஒருத்தி செல்லை வெளியே எடுத்தே விட்டாள். எடுத்துப் பார்த்தால் திரை இருட்டாக இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே மேடையை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் எத்தனை வீட்டில் புருஷனோ மகனோ துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ரிங் போய்க்கொண்டே இருந்தது. மேடையில் நின்றவளுடைய அத்தை முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கால் கழுவும் சத்தம் மெல்லத் திரும்பி வந்தது, கரண்டி வந்தது, மொபெட் வந்தது. முடிந்தது என்று தெரிந்து கைதட்ட ஆரம்பிக்கக் கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யாரோ வீடியோ எடுத்துக் குவைத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சில நாள் கழித்து, பள்ளி விட்டு நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அங்கே அது மத்தியான ஓய்வு நேரம்.

"டீச்சருங்களா? நான் பாப்பாவோட அம்மா பேசுறேங்க."

"சொல்லுங்கம்மா."

"அந்தப் பாட்டுல வர்றது எங்க போன் ரிங்குதானங்க?"

"ஆமாம்மா."

"ஏங்க யாரும் எடுக்கல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நான் அழுவேன்னுதான? தெரியும் டீச்சர். அதுக்குன்னு மூஞ்சி கழுவிட்டு, சிரிச்சிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். எடுத்ததும் வந்துடும்." மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேச்சை மாற்றினாள். "டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? அவ இப்ப எவ்ளோ உயரம் இருக்கா? போன்ல மூஞ்சி மட்டும்தான தெரியுது. வீடியோவுல எல்லாப் பசங்களும் ஒண்ணா நிக்குது, ஒண்ணும் புரியல."

"என் பக்கத்துல நின்னா என் முழங்கைக்கு மேல வருவா" என்றேன்.

"நீங்க எவ்ளோ உயரம் டீச்சர்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பள்ளி ஜன்னலின் கீழ்க்கட்டையைத் தாண்டி நிற்பாள் என்று கணக்குச் சொன்னேன். அவளும் அந்தப் பள்ளியில் படித்தவள்தானாம்; உடனே புரிந்துகொண்டாள். "அய்யோ, அவ்ளோவா?" என்றாள்.

அதிலிருந்து அவ்வப்போது போன் வரும். ஒரு நாள் கேட்டாள், "உங்களுக்கு எத்தினி பசங்க டீச்சர்?"

"ஒரு பொண்ணு. ஹாஸ்டல்ல படிக்கிறா. சேலம் தாண்டி."

"பஸ் போகுதுங்களா அங்க?"

"போகுதே."

"அப்ப போய்ட்டு வந்துடுங்க டீச்சர்" என்றாள், கடைக்குப் போய்வரச் சொல்வது போல.

பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு மாதத்தில் ஒன்று உண்டு. டெஸ்ட் இருக்கிறது, வர வேண்டாம் என்று மகள் சொல்லிச் சொல்லிச் சில மாதங்களாக நாங்கள் போகவில்லை. அடுத்த மாதம் அவளிடம் சொல்லாமல் கிளம்பினேன். கணவருக்கு டூட்டி. இறால் தொக்கு செய்து டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டேன்.

புங்க மரத்தடியில் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவள் தொக்கை வெறுமனே விரலால் தொட்டுத் தின்றாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. "எழுந்து நில்லு" என்றேன்.

"எதுக்கும்மா?"

"சும்மா நில்லேன்."

நின்றாள். வீட்டை விட்டுப் போகும்போது கிட்டத்தட்ட என் உயரம் இருந்தவள். இப்போது நான் அவளைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. என்னம்மா என்று வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் செல்லில் நாலாம் வகுப்பின் வீடியோவைக் காட்டினேன். முதலில் மொபெட்டுக்குச் சிரித்தாள். ரிங் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

"அந்தப் பாப்பாவோட அம்மா எங்க?"

"குவைத்ல."

கொஞ்ச நேரம் டப்பா மூடியைத் திருகித் திருகி மூடினாள். "ஞாயித்துக்கிழமை நான் சரியாப் பேசலன்னு நினைக்காதம்மா. வார்டன் எதிர்ல உக்காந்திருப்பாங்க. பின்னாடி க்யூ நிக்கும். நான் பேசுறது எல்லாருக்கும் கேக்கும்" என்றாள். பிறகு, "இன்னொரு வாட்டி போடு" என்று என் கையிலிருந்து செல்லை வாங்கிக்கொண்டாள். நேரம் முடிந்து பெல் அடிக்கும் வரைக்கும் என் தோளில் சாய்ந்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அடுத்த வருஷம், அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு, குவைத் அம்மா லீவில் வந்தாள். அப்போதும் அவர்களுக்கு நான்தான் டீச்சர். வாசலில் கைநிறைய சாக்லேட்டோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் எனக்குக் குரலை வைத்து அடையாளம் தெரிந்தது. மகள் பெஞ்சிலிருந்து அசையவில்லை.

"வா பாப்பா."

"பீரியட் முடியல" என்றாள்.

நான் அனுப்பிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் டீச்சர் என்று கையைக் காட்டிவிட்டு அந்த அம்மா வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். நான் கணக்கு நடத்தினேன். அந்தப் பெண் நோட்டையும் பார்த்தாள், ஜன்னல் வழியாகத் தெரிந்த அம்மாவின் முதுகையும் பார்த்தாள். மணி அடித்ததும் எல்லாரும் ஓடிய பிறகு மெதுவாகப் பையை அடுக்கிக்கொண்டு போனாள். உப்பளத்துப் பாதையில் இருவரும் ஓர் ஆள் இடைவெளி விட்டு நடந்தார்கள். வளைவுக்குப் பக்கத்தில் அம்மா கையை நீட்டினாள். மகள் பையைக் கழற்றிக் கொடுத்தாள்.

பிள்ளைகளுக்கு அந்தச் சாயங்காலப் பாட்டை அவளுடைய அம்மாவுக்கு நேரில் செய்து காட்ட ஆசை. அவள் மறுத்துவிட்டாள். "அந்த சத்தம் இப்ப எங்க வீட்ல வரல. அம்மாதான் இருக்குதே" என்றாள். ரூல் என்னுடையதுதான்.

"அப்ப புதுசா ஒண்ணு கொண்டு வாடி" என்றான் மொபெட்காரன்.

"இன்னும் எதுன்னு பாக்கல. கேட்டுட்டு சொல்றேன்."

வகுப்பு அந்த இடத்தை அப்படியே காலியாக வைத்துப் பழகியது. ஃபாதர் இருமியதும் எல்லாரும் நிறுத்துவார்கள், அவளைப் பார்ப்பார்கள், அவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள், மறுபடி ஆரம்பிப்பார்கள். எந்தச் சத்தத்தை எடுப்பது என்று அவள் தேடிக்கொண்டே இருந்தாள். அதற்குள் லீவு முடிந்து அம்மா போய்விட்டாள். அப்புறம் அந்தப் பாட்டைச் செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். என் மகள் டாக்டர் படிப்புக்கான பரீட்சையை எழுதி, இடம் கிடைக்காமல், அதே ஊரில் இன்னொரு வருஷம் பயிற்சிக்குத் தங்கியிருக்கிறாள். இப்போது அவளிடம் சொந்தமாக ஒரு போன் இருக்கிறது. நினைத்தபோது பேசலாம். பேசுகிறோம். ஆனாலும் வீட்டைத் திறந்து உள்ளே போகும் நேரம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

குவைத்திலிருந்து போன் மட்டும் நிற்கவில்லை. போன வாரம் அந்த அம்மா கேட்டாள், "பாப்பாவைப் பாத்தீங்களா டீச்சர்? அத்தை நல்லா இருக்கான்னுதான் சொல்றாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. "நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்" என்றேன்.

மறுநாள் என் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு உயர்நிலைப் பள்ளி நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். பள்ளி விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவள் நடுவில் வந்தாள். இப்போது சடையை அவளே பின்னிக்கொள்கிறாள் போல, இரண்டும் சரியாக இருந்தன. எதையோ சொல்லி மற்றவர்களை நிறுத்தி நிறுத்திச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும், "டீச்சர்! நீங்க எங்க இங்க?" என்றாள்.

"சும்மாதான். உங்கம்மா கேட்டாங்க."

"நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அவளைக் கூப்பிட்ட தோழிகளை நோக்கி ஓடினாள். கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்து, "டீச்சர், ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா? முழுசா வர்ற மாதிரி" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நேராக நின்றாள். என் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் செல்லைத் தூக்கிப் பிடித்து, இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன்.